நொண்டியின் கடைசித் தாள்

அன்று அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள் ஐந்து பேர். அருங்காட்சியக அதிகாரி, பலகை எழுத வந்த பெயின்டர், செத்துப்போன விமானியின் தங்கை, என் தம்பி மகள், நான். வேறு யாரும் இல்லை.

நடுவில் விமானம் நின்றது. போர்க்காலத்தில் அதற்கு நொண்டி என்று பெயர். சக்கரம் இறங்காமல் வயிற்றால் தரையில் உரசி இறங்கியபோது இடது கால் போயிற்று. வேறொரு விமானத்தின் காலைப் பொருத்தினார்கள். அது ஒரு விரற்கடை குட்டை. பிறகு பின்னோக்கி வந்த எண்ணெய் லாரி இறக்கையை இடித்தது. தரையிலிருந்து நம் ஆட்களே ஒரு முறை தவறாகச் சுட்டார்கள். அதிகாரி இதையெல்லாம் பதிவேட்டிலிருந்து வாசித்தார்.

"எதிரிகிட்ட வாங்குனதைவிட நம்மாளுங்ககிட்டதான் அதிகமா வாங்கியிருக்கு போல" என்றார் பெயின்டர்.

நாற்பத்தொரு முறை பறந்தது. நாற்பத்தொன்றாவது முறை, மேலே எழும்பியதுமே எஞ்சின் நின்று வயலில் விழுந்தது. விமானிக்கு இருபத்தாறு வயது.

விமானத்தின் வரலாற்றைச் சொல்லும் பலகையின் கடைசி வரி 'விமானியின் கவனக்குறைவால்' என்று முடிந்தது.

"எரிபொருள் வால்வை எங்கண்ணன் தப்பா திருப்பிட்டான்னா எழுதறீங்க?" என்றார் அந்த அம்மாள். "கண்ணை மூடிக்கிட்டே திருப்புவான் அவன்."

"விசாரணையில அப்படித்தாம்மா இருக்கு. கடைசி நாள் பராமரிப்புத் தாள் மட்டும் கிடைக்கல. அது இருந்தா மாத்தி எழுதலாம்." அதிகாரி என் பக்கம் திரும்பினார். "உங்க தம்பிதானே இதுக்கு மெக்கானிக். ஏதாவது வச்சிருந்தாரா ஐயா?"

வைத்திருந்தான். சாவதற்கு ஒரு வாரம் முன்பு என் கையில் கொடுத்தான்.

வேலை செய்தவன் ஒரு கையெழுத்து, சரிபார்த்தவன் ஒரு கையெழுத்து. அதுதான் விதி. ஆனால் விடிந்தால் மூச்சுவிட நேரமில்லாத நாட்கள் அவை. முந்தின மாலையே இரண்டு பேரும் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார்கள். எல்லாக் கொட்டகையிலும் அதுதான் வழக்கம் என்றான். அன்று காலை எரிபொருள் குழாயின் இணைப்பை விரலால் மட்டும் திருகியிருக்கிறான். இறுக்க ஸ்பேனரை எடுப்பதற்குள் குண்டுவீச்சுச் சங்கு ஊதியது. பதுங்கு குழிக்கு ஓடினான். திரும்பி வந்து தாளைப் பார்த்தான். இரண்டு கையெழுத்தும் இருந்தன. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த விமானத்துக்குப் போய்விட்டான். தன் கையெழுத்தைத் தானே நம்பியவன் என் தம்பி. சாயங்காலம் அந்தத் தாளைப் பதிவேட்டிலிருந்து கிழித்தெடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

"அப்பா பேரும் பலகையில வருது பெரியப்பா" என்று என் காதருகே சொன்னாள் தம்பி மகள். அவளுக்கு எதுவும் தெரியாது. அப்பா உழைத்த விமானத்தைக் காட்டுவதாகச் சொல்லி என்னைக் கைபிடித்து அழைத்து வந்தவள் அவள்தான். அவள் முகத்தைப் பார்த்தேன். நான்கு தலைமுறையாக எங்கள் வீட்டு ஆண்களைப் பார்த்து ஒருவரும் விரல் நீட்டியதில்லை.

"ஒண்ணும் வச்சிருக்கல" என்றேன்.

எண்பத்து நான்கு வயதில் சொன்ன பொய். நாக்கு கொஞ்சமாவது தடுமாறும் என்று எதிர்பார்த்தேன். தடுமாறவில்லை. இத்தனை வருடம் நேர்மை என்று நான் தலைநிமிர்ந்து சுமந்தது, யாரும் கேட்காததால் மட்டுமே மிஞ்சியிருந்தது போலும்.

பெயின்டர் தூரிகையை நனைத்து அந்த வரியின் எழுத்துகளுக்கு இரண்டாம் பூச்சுக் கொடுத்தார்.

அந்த அம்மாள் கதறி அழுதார், பெயின்டர்தான் தாங்கிப் பிடித்தார் என்று இப்போது உறவில் பேசிக்கொள்கிறார்கள். பொய். அவர் அழவில்லை. பலகையை ஒரு முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து மறுபடியும் வாசித்தார்.