எட்டே முக்காலில் நின்ற கடிகாரங்கள்

சார்லஸ் கப்பலை விட்டு இறங்கி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. முதுகெலும்பில் வட்டு நகர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதும் கம்பெனி மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கடலூர் செம்மண்டலத்து வீட்டில் காலையில் பேப்பர், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் மறுபடி அதே பேப்பர். அதனால்தான் 2006 செப்டம்பரில் மனைவி எழிலரசியின் தம்பி எழிலன் வந்து கூப்பிட்டதும் உடனே தலையாட்டினார்.

“மாமா, சிதம்பரத்துல கடை போட்டிருக்கேன்ல, அதுல பழைய கப்பல் கடிகாரம்தான் இப்ப ஓட்டம் ஜாஸ்தி. சனிக்கிழமைல நீங்க வந்து சும்மா உக்காந்தா போதும். கப்பல்காரரு வாயால ரெண்டு வார்த்தை சொன்னா வர்றவங்க நம்பி வாங்குவாங்க.”

கப்பல் கடிகாரம் என்ற சொல்லே சார்லஸை இழுத்துவிட்டது. அவர் செகண்ட் ஆபீசராக முதலில் போன கப்பலில் ஒரு குரோனோமீட்டர் இருந்தது. கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் மரப்பெட்டிக்குள் தான் மட்டும் சமமட்டமாகக் கிடக்கும் பித்தளைக் கடிகாரம். தினமும் காலை எட்டு மணிக்கு அவர்தான் சாவி கொடுப்பார். ஏழரைச் சுற்று. கப்பல் போகப்போக ஊருக்கு ஊர் நேரம் மாறும். சுவர்க் கடிகாரங்களை முன்னும் பின்னும் தள்ளி வைப்பார்கள். கிரீன்விச் நேரம் காட்டும் பெட்டிக் கடிகாரத்தின் முள்ளை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். ரேடியோவில் வரும் ‘பிப்’ சத்தத்தோடு ஒத்துப் பார்த்து, எத்தனை செகண்ட் பிசகு என்று நோட்டில் எழுதுவதோடு சரி. நாலு செகண்ட் பிசகு கணக்கில் வராமல் போனால் கப்பல் நிற்கும் இடம் ஒரு மைல் தப்பிவிடும். பாறை அந்த ஒரு மைலுக்குள்ளேயே இருக்கலாம்.

முதல் சனிக்கிழமை எழிலன் கடையில் நுழைந்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. பச்சை பூத்த பித்தளை, மஞ்சளேறிய முகப்பு, லண்டன் என்று எழுத்து. ஆனால் உள்ளே பேட்டரி ஓட்டம். ஒன்றில் செகண்ட் முள்ளே இல்லை. இன்னொன்றில் கிரீன்விச் என்ற பெயரில் ஓர் எழுத்தைக் காணோம்.

“இது கடலையே பார்த்ததில்லையே மச்சான்.”

“வாங்குறவங்களுக்கும் அது தெரியும் மாமா. சுவத்துல மாட்ட அழகா ஒண்ணு வேணும், அவ்ளோதான்” என்று சிரித்தான் எழிலன்.

சார்லஸும் சிரித்துவைத்தார். அன்று கோயிலுக்கு வந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி, உங்கள் கப்பலிலும் இப்படித்தான் இருந்ததா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். சொன்ன வாயை உடனே கழுவ வேண்டும்போல் இருந்தது. ஆனாலும் அடுத்த சனிக்கிழமையும் போனார்.

நடுவில் ஒருநாள் எழிலன் அவரைக் கடலூர் முதுநகரில் இருந்த தன் கொட்டகைக்கு அழைத்துப் போனான். தகரக் கதவைத் திறந்ததும் அடித்த நாற்றத்தில் கண்ணில் நீர் வந்தது. மூன்று பிளாஸ்டிக் டிரம்களில் மாட்டு மூத்திரம் நுரைத்துக் கிடந்தது. அதில் ஊறவைத்த கடிகார மூடிகளை எடுத்து எருக்குழியில் புதைப்பார்களாம். இருபது நாளில் நூறு வருஷப் பழசாகிவிடுமாம். முகப்புகளைத் தேயிலைச் சாயத்தில் முக்கிக் கொடியில் காயப்போட்டிருந்தார்கள். சார்லஸ் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு வெளியே வந்தார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் கை வைக்கும்போதெல்லாம் அந்த நுரைதான் தெரிந்தது.

மூன்றாவது சனிக்கிழமை சென்னையிலிருந்து ஒரு பெண்மணி காரில் வந்தார். புதிதாகக் கட்டும் கடற்கரை விடுதி ஒன்றுக்கு அலங்காரப் பொருள் வாங்குகிறாராம். எழிலன் அவரை உள்ளறைக்கு அழைத்துப் போய் ஒரு கடிகாரத்தை எடுத்து வைத்தான். முள் எட்டே முக்காலில் நின்றிருந்தது.

“மேடம், இது சுனாமில கரை ஒதுங்குனது. தண்ணி வந்த நேரத்துல அப்படியே நின்னுபோச்சு. படகுக்காரர் குடும்பமே போயிடுச்சு. இதோ, அவரு பொண்ணு.”

மேஜை இழுப்பறையிலிருந்து பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றை எடுத்துக் கடிகாரத்தின் மேல் சாய்த்து வைத்தான். இரட்டைப் பின்னல், பள்ளிச் சீருடை, எட்டு வயதிருக்கும். இழுப்பறைக்குள் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டுப் படங்கள் கிடந்ததைச் சார்லஸ் பார்த்தார். சுனாமி சமயத்தில் எழிலன் தொண்டு செய்யப் போகிறேன் என்று குப்பம் குப்பமாகச் சுற்றி, நிவாரண மனு எழுதிக் கொடுத்தவன். மனுவுக்கு என்று வாங்கிய படங்கள் அவை. சார்லஸுக்குக் கொட்டகை நாற்றம் இங்கேயும் அடிப்பதுபோல் இருந்தது.

அவர் கடிகாரத்தைத் திருப்பி, நகத்தால் பின்மூடியை நெம்பி, உள்ளே இருந்த தீர்ந்துபோன பேட்டரியை உருவி மேஜைமேல் வைத்தார்.

“இருபது வருஷம் கப்பல்ல இருந்தவன் சொல்றேம்மா. இது போன மாசம் செஞ்சது. எங்க ஊரு மீன்படகுல எவனும் இந்த மாதிரி கடிகாரம் மாட்டினதில்ல.”

எழிலன் முகம் கறுத்தது. அந்தப் பெண்மணியோ கொஞ்சம்கூடக் கலங்கவில்லை. “பரவால்ல சார், ஒரிஜினலா இருக்கணும்னு அவசியமில்ல. கதை நல்லாருக்கு. அந்த போட்டோவும் சேர்த்துத் தருவீங்கல்ல?” என்று எழிலனைப் பார்த்துக் கேட்டார்.

சார்லஸ் கடிகாரத்தின் மேலிருந்த படத்தை எடுத்தார், இழுப்பறையில் கிடந்த கட்டையும் எடுத்தார், சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார்.

“மாமா, வியாபாரத்தக் கெடுக்காதீங்க! செத்தவங்களுக்கு இதனால என்ன வந்துச்சு?” எழிலன் வாசல்வரை ஓடிவந்து கத்தினான்.

“என்னை மாமான்னு கூப்பிடாத” என்றார் சார்லஸ். கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். இரண்டு சனிக்கிழமை அந்தக் கடையில் உட்கார்ந்து தலையாட்டியதை நினைக்க நினைக்கத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பதினொரு படங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் எழிலன் கையெழுத்தில் பெயரும் குப்பமும். சீருடைப் படத்தின் பின்னால் ‘சந்திரலேகா, தாய் தில்லையம்மாள், தேவனாம்பட்டினம்’ என்று இருந்தது. மறுநாள் காலையில் விசாரித்துக்கொண்டு போனார். தில்லையம்மாள் புதுக் குடியிருப்பில் வீட்டு வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். படத்தை நீட்டியதும் கையைப் புடவையில் அழுந்தத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

“வீட்டோட எல்லாம் போயிடுச்சுங்க. ஸ்கூல்ல எடுத்தது இது ஒண்ணுதான். போட்டோக்காரரு நாலு போட்டுக் குடுத்தாரு. நாலையும் மனுவுக்குன்னு ஒரு தம்பி வாங்கிட்டுப் போச்சு. மிச்சத்தத் தாங்கன்னு எத்தினி தடவ கேட்டேன் தெரியுமா? ஆபீஸ்ல மாட்டிக்கிச்சுன்னாரு. ரெண்டு வருஷமா எம்பொண்ணு மூஞ்சிய மனசுலதான் பாத்துக்கிறேன். எங்க கெடந்துச்சு இது?”

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னார், தான் அங்கே உட்கார்ந்திருந்ததையும் சேர்த்து.

தில்லையம்மாள் அழவில்லை. தலையைத் திருப்பி மணலில் காறித் துப்பினாள். அவள் அவர் மேல் துப்பியிருந்தாலும் சார்லஸ் நின்று வாங்கிக்கொண்டிருப்பார். “அந்த ஆளு என் வீட்டுல சோறு தின்னான்யா” என்று மட்டும் சொல்லிவிட்டு, படத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மீதிப் பத்தில் எட்டை அந்த வாரத்துக்குள் வீடு தேடிக் கொடுத்துவிட்டார். இரண்டுக்கு வாங்கிக்கொள்ள ஆளே மிஞ்சவில்லை. அவற்றை எழிலரசி மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். எழிலன் கடையை மூடவில்லை. இப்போது எட்டே முக்கால் கடிகாரத்துக்கு வேறு ஊர், வேறு குடும்பம் சொல்லி விற்கிறான் என்று கேள்வி.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவன் கேக் பெட்டியோடு வந்து கேட்டைத் தட்டினான். சார்லஸ் எழுந்திருக்கும் முன்பே எழிலரசி போய்விட்டாள்.

“நம்ம அம்மா செத்தா அவுங்க போட்டோவையும் வித்துடுவியாடா?” என்றாள். பதிலுக்கு நிற்காமல் கேட்டின் உள்தாழ்ப்பாளைப் போட்டாள்.