மும்முனைப் போட்டியில் என் மாப்பிள்ளை

1.

‘சிவநாதன் கேட்டுக்கொண்டதால் இந்தக் கதையை எழுதுகிறேன்’ என்று முதல் வரி எழுதியிருந்தேன். பொய். அடித்துவிட்டேன். என் தங்கை தேவிகா மூன்று வாரமாக என்னோடு பேசவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். சிவநாதன் அவள் வீட்டுக்காரர். கதையாகப் படித்தாலாவது என் பக்கத்து நியாயம் அவளுக்குப் புரியுமா என்று ஒரு நப்பாசை. (என் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று எனக்கும் எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.)

தொடக்கம் அமையாமல் இரண்டு நாள் போராடினேன்.

முதல் முயற்சி: ‘காரைக்கால் கடலில் கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டிய அந்த...’ வேண்டாம்.

இரண்டாவது: ‘நெரவியில் சிவநாதன் என்றொரு வீரன்...’ இதைப் படித்தால் மாப்பிள்ளைக்கே சிரிப்பு வந்துவிடும்.

சரி, நடந்ததையே சொல்லிவிடுகிறேன்.

2.

2006 மார்ச். வெளியூர்ச் சங்கம் ஒன்று எங்கள் கடற்கரையில் டிரையத்லான் நடத்த வந்தது. கடலில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீச்சல், பிறகு தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், அதன் பிறகு இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் எட்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இதில் இதைவிடப் பெரிய தூரமும் உண்டாம், இது நடுத்தரம்தானாம். எழுதுகிறவன் என்று பெயர் வாங்கியிருப்பதால் நோட்டீசைத் தமிழில் போட்டுத்தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். நான் டிரையத்லானுக்கு ‘மும்முனைப் போட்டி’ என்று எழுதிக் கொடுத்தேன்.

தேர்தல் அறிவித்திருந்த நேரம் அது. எனக்குத் தோன்றவே இல்லை.

சிவநாதன் பெயர் கொடுத்த மறுநாளே நெரவி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் நிறுத்திக் கேட்டார்கள்.

“மும்முனைப் போட்டியில நிக்கிறீங்களாமே, எந்தக் கட்சிங்க?”

“நிக்கலைங்க, ஓடப்போறேன்.”

“இப்பவே கட்சி மாறப் போறீங்களா?”

அவர் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நின்றதால் சின்னத்தையும் அவர்களே முடிவுசெய்துகொண்டார்கள்.*

(*இதில் நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். சின்னம் பற்றிக் கேட்டவர் ஒருவர்தான். ஆனால் அவர் மாலையோடு வந்தார்.)

3.

கதாபாத்திரத்துக்கு ஒரு காரணம் வேண்டும். நெல் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்து, அரசு அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் முப்பத்தாறு வயது மனிதர் எதற்காக இப்படி உயிரை விடுகிறார்? உடல்நலத்துக்கு என்று எழுதினேன், நம்பும்படி இல்லை. கடலின் அழைப்பு என்று எழுதினேன், அதை எழுதிய எனக்கே கூச்சமாக இருந்தது.

காரணம் நான்தான்.

அவர் வீட்டு மதில் முக்கால்வாசி எழும்பி நிற்கிறது. மூன்று வருட அஞ்சல்வழிப் படிப்பில் இரண்டு வருடமும் சில்லறையும் படித்தார். சித்தப்பா மகன் கல்யாணப் பந்தியில், இருநூறு பேர் நடுவில், ‘எங்க முக்கால் மாப்பிள்ளைக்கு இன்னொரு அப்பளம் போடுங்கப்பா’ என்று கத்தினேன். பந்தியே சிரித்தது. தேவிகா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அலுவலகத்தில்கூட அவருக்கு அதுதான் பெயர்.

பெயர் கொடுத்த அன்று என்னிடம் வந்து சொன்னார். “இந்த ஒண்ணயாவது முழுசா முடிச்சிடுறேன் மச்சான். அப்புறம் அப்புடிக் கூப்புடாதீங்க.”

4.

காலை ஆறு மணிக்குக் கடலில் இறங்கினார்கள், முப்பத்திரண்டு பேர். காவலுக்குத் திருவேட்டக்குடி மீனவர் உத்திராபதி படகில் மாப்பிள்ளை கூடவே போனார். சும்மா இருக்கிறவர் கடலில் நீந்துவதை அவர் பார்த்ததில்லை. படகிலிருந்து விழுந்தவர்தான் நீந்துவார். ஆகவே பத்துக் கைவீச்சுக்கு ஒரு தடவை, “ஏறிக்கிறீங்களாண்ணே?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஏறினால் ஆட்டம் முடிந்தது. ஐம்பது தடவையாவது ‘வேணாம்பா’ சொன்னதில்தான் வாயெல்லாம் உப்புத்தண்ணீர் போனது என்கிறார் மாப்பிள்ளை.

அடுத்து சைக்கிள். எங்கள் ஊரில் நேராகத் தொண்ணூறு கிலோமீட்டர் கிடையாது. அதற்குள் வேறு மாநிலம் வந்துவிடும். ஆகவே கடற்கரையிலிருந்து தெற்கு எல்லை வரை ஒன்பது கிலோமீட்டர், அங்கே வைத்த டிரம்மைச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். இப்படி ஐந்து நடை. டிரம்முக்கு எதிரே சோதனைச்சாவடி. எங்கள் ஊர் மலிவுச் சாராயப் பாட்டில் தமிழ்நாட்டுப் பக்கம் போகாமல் பார்ப்பதுதான் அங்கே வேலை. மற்றவர்கள் பளபளக்கும் சட்டையும் ஹெல்மெட்டுமாக வந்து திரும்பினார்கள். மாப்பிள்ளை கைலியை மடித்துக்கட்டியிருந்தார். நாலாவது நடையில் காவலர் மருதையன் கை காட்டி நிறுத்திவிட்டார்.

“சாவடியப் பாத்துப் பாத்துத் திரும்புறியே, வேவு பாக்குறியா?”

“போட்டி சார்.”

“என்ன போட்டி?”

“மும்முனைப் போட்டி சார்.”

மருதையன் சைக்கிளில் கட்டியிருந்த இரண்டு பாட்டில்களைப் பார்த்தார். “ஓகோ. ஓட்டுக்கா இது?”

காதில் இன்னும் கடல் தண்ணீர். “ஆமா சார், ஓட்டத்துக்கும் சேத்துதான்.”

பாட்டிலில் இருந்தது நீராகாரம். முந்தாநாள் சோற்றுத் தண்ணீர், மூன்று மணி நேர வெயில், குலுக்கல். மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று பொங்கி மருதையனின் தொப்பியை நனைத்தது. வாசனையும் சந்தேகப்படும்படியாகவே இருந்தது. மேலதிகாரி சாப்பிட்டுவிட்டு வந்து, ஒரு வாய் குடித்துப் பார்த்து, “உப்பு கம்மி” என்று சொல்லி விடுவிப்பதற்குள் இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது.

‘மும்முனைப் போட்டி’க்குப் பதில் நான் வேறு சொல் போட்டிருந்தால் அந்த இருபத்தைந்து நிமிடம் அவரிடம் இருந்திருக்கும். மிச்ச நடையை மிதித்து முடித்து, சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓட ஆரம்பித்தார்.

5.

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

முடிவுக் கோட்டில் நேரம் குறிக்கிற வேலையை எனக்குத்தான் கொடுத்திருந்தார்கள். ‘எழுத்து வேலைதானே சார்.’ ஒரு குடை, ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், முப்பத்திரண்டு கட்டம் போட்ட ஒரு தாள். கெடு மதியம் இரண்டு மணி. ஒன்றே முக்காலுக்குள் மற்றவர்கள் கணக்கு முடிந்துவிட்டது. சங்கத்துக்காரர்கள் சாப்பிடப் போனார்கள். ஒரு கட்டம் மட்டும் காலி.

வர மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஒரு கதை ஆரம்பித்தேன். ‘முக்கால் மாப்பிள்ளை’ என்று தலைப்பு. ‘பதினாறாவது கிலோமீட்டரில் சிவநாதன் உட்கார்ந்துவிட்டார், எப்போதும்போல...’ நன்றாக வந்துகொண்டிருந்தது. அந்த ‘எப்போதும்போல’வை எங்கே வைப்பது என்று இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பார்த்தேன்.

தாளில் ஒரு சொட்டு விழுந்தது. நிமிர்ந்தேன்.

மாப்பிள்ளை கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, பேச மூச்சில்லாமல், வேர்வை சொட்டச் சொட்ட. பக்கத்தில், அவர் முடிப்பதைப் பார்க்க வந்திருந்த தேவிகா. கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டு மணி ஒரு நிமிடம்.

“எப்ப வந்தாரு?” என்று கேட்டேன்.

தேவிகா தாளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

“நீ இத எழுதிக்கிட்டிருந்தியே, அப்ப.”

அதன் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

6.

கதைக்கு முடிவுகள் கைவசம் இருக்கின்றன. அவர் ஒன்று ஐம்பத்தெட்டுக்கே வந்து, மூன்று நிமிடம் என் எதிரே நின்றிருந்தார். அல்லது, இரண்டு மணி தாண்டி நாற்பது வினாடியில் வந்தார். அல்லது... தேவிகாவைக் கேட்க வழியில்லை, மாப்பிள்ளையைக் கேட்டேன். “கோட்டத் தாண்டுனது தெரியும் மச்சான். மணி பாக்க எனக்கு ஏது கண்ணு? ஒங்களுக்குத் தோணுறதப் போடுங்க, பரவால்ல.” அவர் பரவாயில்லை என்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

சங்கத்துக்காரர்கள் தாளைக் கேட்டு இரண்டு கடிதம் போட்டுவிட்டார்கள். முடித்தவர்களுக்குச் சான்றிதழ் அச்சடிக்க வேண்டுமாம். சாதகமாக எழுதினால் மச்சான் போட்ட பிச்சை என்று ஆகிவிடும். பாதகமாக எழுத எனக்குக் கை வராது. பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்காதவன் நான்.

அன்று நீங்கள் கடற்கரைப் பக்கம் வந்திருக்கலாம். வராவிட்டாலும், இவ்வளவு தூரம் அவரோடு வந்துவிட்டீர்கள். கட்டத்தை அப்படியே கீழே தருகிறேன். பென்சில் வேண்டாம், பேனாவால் எழுதுங்கள். தேவிகா படிப்பாள்.

எண் 32. சிவநாதன், நெரவி. முடித்த நேரம்: ..................