சாக்குக் கிழிசலுக்கு நேரே

14.11.1991, வியாழன்

நேற்று எழுதியதில் ஒரு பிழை. காளான்கள் குடை விரியாமல் காம்பு மட்டும் நீண்டு நிற்பதற்குத் தண்ணீர் குறைவுதான் காரணம் என்று எழுதியிருந்தேன். அது இல்லை. சரிபார்க்காமல் எழுதிவிட்டேன்.

காலையில் அவற்றில் ஒரு கூடை பறித்து, ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூர் ரோட்டு ஓரம் ஓட்டல் வைத்திருக்கும் கோதண்டம் அண்ணனிடம் கொண்டுபோனேன். ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா சத்யா, காளான் கேட்டா முருங்கக்கா கொண்ணாந்துகீறே?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"போன தபா அகலமா கொண்ணாந்தியே, அது மாரி இருந்தா குடு. இல்லாங்காட்டி வாணாம்மா."

திருப்பிக் கொண்டுவந்த கூடையைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"சாயந்தரமானா டைப்பு க்ளாசுன்னு பஸ் ஏறிடறே. இத்த யாரு பாக்கறது? இன்னொரு தபா இப்டி ஆச்சின்னா க்ளாசும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

காளான் விற்றால்தான் வகுப்பு என்பது முதலிலேயே பேசிக்கொண்டது. பிப்ரவரியில் டைப்ரைட்டிங் லோயர் தேர்வு. தவறு என்னுடையதுதான் என்று நானும் நம்பினேன். வைக்கோலைச் சரியாக வேகவைக்கவில்லையோ, விதையைத் தூவியதில் பிசகோ என்று காளான் கொட்டகைக்குள் போய், வைக்கோல் அடைத்துத் தொங்கவிட்ட ஒவ்வொரு பையாகப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கே மூச்சு முட்டியது.

எல்லாப் பைகளிலும் நீளக் காம்பு. ஒரு பையில் மட்டும் குடைகள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தன. ஜன்னலை அடைத்துக் கட்டிய சாக்கில் ஓரிடம் கிழிந்திருக்கிறது. அந்தக் கிழிசலுக்கு நேரே தொங்கும் பை அது. வைக்கோலும் விதையும் தண்ணீரும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அதற்கு மட்டும் காற்று கிடைத்திருக்கிறது.

சாக்கைக் கட்டியது அம்மா. முதல் முறை காளான் பூத்தபோது பக்கத்து வீட்டு ஞானம்மா அக்கா எட்டிப் பார்த்து, "யம்மாடி, மல்லிப்பூ பந்தலாட்டம் கீதே!" என்றாள். அன்றே அம்மா திருஷ்டி கழித்து ஜன்னலை அடைத்துவிட்டாள்.

அம்மாவை அழைத்து அந்தப் பையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"செரி, சாக்க அவுத்துடு. ஆனா ஞானம்மா சாயந்தரந்தான் இங்க துணி தொவைக்க வரும். எனக்கு அடுப்படி வேல கீது, அந்நேரம் நீ ஜன்னலாண்ட மறைச்சிக்கினு குந்து. அது கண்ணு உள்ள போவக்கூடாது."

"அது க்ளாஸ் டைம்மா."

"அப்ப சாக்கு இருக்கட்டும்."

சாக்கு இருந்தால் காளான் வராது, வகுப்பு நின்றுவிடும். சாக்கை எடுத்தால் காளான் வரும், வகுப்புக்கு நான் போக முடியாது.

இன்று போகவில்லை. சாக்கை அவிழ்த்துவிட்டு, ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். ஞானம்மா அக்கா துணியை அலசிக்கொண்டே, "இன்னாடி, காவலா? உள்ள பொண்ணு கிண்ணு வெச்சிகினுகீறீங்களா?" என்றாள். சிரித்து வைத்தேன்.

பரணில் பழைய கொசுவலை ஒன்று கிடக்கிறது. மடித்துக் கட்டினால் கண் நுழையாது. காற்று நுழையுமா, உறுதியில்லை. அம்மா ஒத்துக்கொள்வாளா என்பதும் தெரியவில்லை.

நாளை காலை கொசுவலையைத் துவைத்துக் காயவைத்து, ஜன்னல் அளவுக்கு வெட்ட வேண்டும்.