பாறைக்கு அந்தப் பக்கம்

"இந்தத் தடவையாவது வாயைத் திறந்து கேட்டுடேன்."

"கேட்டா, கொடுக்கறதையும் பிடுங்கிப்பாங்க. கூரை ஏறிக் கோழி பிடிக்காதவ வானம் ஏறி வைகுண்டம் கேக்கறான்னு சிரிப்பாங்க. சும்மா இருங்க நீங்க."

போன வாரம் சமையலறையில் நடந்த பேச்சு. கூட்டம் தொடங்கியதிலிருந்து அதுதான் அவன் காதில் ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

கடல் பூங்கா அலுவலகத்தில் அவன் வரைபடம் போடுகிறவன். அவன் மனைவி கடலுக்குள் முக்குளித்து உயிர்களை எண்ணுகிறவள். பூங்காவின் எல்லையை விரிக்கப்போகிறார்கள்; அதற்கு ஊராரின் கருத்தைக் கேட்கும் கூட்டம் இது. ஆனால் புதுக் கோடு பெரிய பாறையோடு நின்றுவிடுகிறது. கடற்புல் வெளியோ பாறைக்கு அந்தப் பக்கம். கடல்பசுக்கள் கன்றோடு மேய வருவது அங்கேதான். மீன் குஞ்சுகள் ஒளிந்து வளர்வதும் அங்கேதான்.

ஒன்பது வருடமாக, குளிரில் உதடு நீலம் பாரிக்க, அவள் அந்த வெளியை முழம் முழமாக அளந்திருக்கிறாள். தண்ணீருக்கடியில் சின்னப் பலகையில் அவள் பென்சிலால் கிறுக்கிவரும் கோணல் எண்களை வைத்துத்தான், முழங்கால் தண்ணீருக்கே நடுங்கும் அவன், கடலின் அடித்தரையை வரைந்தான். அந்த எண்களில் ஒன்றுகூடப் பிசகியதில்லை. 'இதையும் சேருங்கள்' என்று கேட்க மட்டும் அவளுக்கு வாய் வந்ததில்லை.

ஒரு பக்கம் அதிகாரிகள், மறுபக்கம் மீனவர்கள். நடுவில் நின்று அவள் பேசினாள். கன்று மூச்சு வாங்க மேலே வரும்போதெல்லாம் தாய்ப்பசுவும் கூடவே வருவதைச் சொன்னபோது, இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட அடங்கிப்போனார்கள். கடைசி வரிசையில் இருந்த அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. 'பிரமாதம்!' என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அவள் சட்டென்று பேச்சை நிறுத்தித் தாள்களை அடுக்கத் தொடங்கினாள்.

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். முக்குளிப்பவர்களிடம் கட்டைவிரல் உயர்ந்தால் 'போதும், மேலே வா' என்று அர்த்தம். பதினோரு வருடம் குடித்தனம் நடத்தியும் இது மண்டையில் ஏறவில்லையே!

"என்னம்மா, நடுக்கடல்ல இன்ஜின் நின்ன மாதிரி நின்னுட்டே?" என்றாள் படகுச் சங்கத் தலைவி. மைக் தேவைப்படாத குரல். ஊரே அவளைச் 'சங்கு' என்றுதான் கூப்பிடும்.

"எங்க வீட்டுக்காரர் மேல வரச் சொன்னாருங்க." அவள் விரலை உயர்த்திக் காட்டி விளக்கினாள்.

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. அதிகாரிகளும்தான். அவன் காது மடல் சிவக்க, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான்.

"அவர் கிடக்காரு, நீ திரும்ப முங்கு," என்றாள் சங்கு. "எனக்கு ஒண்ணுதான் புரியலை. அந்தக் குஞ்சுங்க வளர்ந்தாத்தான் நாளைக்கு எங்க வலைக்கு மீனு. அதெல்லாம் பாறைக்கு அந்தப் பக்கம்னு சொல்றே. கோடு இந்தப் பக்கமே நிக்குது. உன் கணக்கு தப்பா, இல்ல கோடு தப்பா?"

சிரிப்பு நின்றது. பெரிய அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

அவள் அடுக்கிய தாள்களை மேசையில் வைத்தாள். ஆழத்துக்கு இறங்குமுன் இழுப்பதுபோல் ஒரு மூச்சு இழுத்தாள்.

"கணக்கு சரிதாங்க, கோடுதான் தப்பு. அந்தப் புல்வெளி முழுசையும் பூங்காவுக்குள்ள சேர்த்துக் கொடுங்க."