முறை முடிந்தது

'இரு கரை' என்ற கணினி விளையாட்டைத் தமிழாக்கிய புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் வீடு தேடிப் போய், அவர் எழுதிய ஒவ்வொரு வரியையும் அவருக்கே சத்தமாகப் படித்துக் காட்டுவேன். அதைவிடக் கொடிய தண்டனை எந்தச் சட்டத்திலும் கிடையாது. "காலாட்படை மனம் உடைந்தது" என்று ஓரிடத்தில் வருகிறது. காதல் தோல்வியா? "பாலம் இப்போது கிடைக்காது" என்று இன்னோரிடத்தில். கடையில் தீர்ந்துபோய்விட்டதா? இதெல்லாம்கூடப் போகட்டும். திரையின் வலது மூலையில் சிவப்பாக ஒரு பட்டன் வைத்து, அதன்மேல் "முறை முடிந்தது" என்று எழுதினாரே, அதற்கு மன்னிப்பே கிடையாது.

நான் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அடுத்தவர் தராசில் குறை கண்டுபிடித்தே காலம் தள்ளினேன். கடைவீதியின் ஒரு முனையில் நான் நுழைந்தால் மறுமுனையில் எடைக்கற்களுக்குக் காய்ச்சல் வரும். ஓய்வுக்குப் பிறகு குறை காணக் கடை இல்லாமல் வீட்டிலேயே ஆரம்பித்தேன். ஒரு மாதம் தாக்குப்பிடித்த என் மனைவி, "இவரை எங்கயாவது கொண்டுபோய் விடு, இல்லேன்னா நான் போறேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டாள். மகள் என்னை ஒரு விளையாட்டு விமர்சனத் தளத்தில் கொண்டுபோய் விட்டாள். 'தராசு' என்ற பெயரில் அங்கே எழுதுகிறேன். போர் விளையாட்டுகள்தான் என் துறை. அதிலும், ஒருவர் படையை நகர்த்தி முடித்த பிறகே அடுத்தவர் நகர்த்தும் வகை மட்டும். அவசரமே கிடையாது. முட்டிவலிக்காரன் உலகத்தை வெல்வதற்கு அதைவிடத் தோதான வழி இல்லை.

'இரு கரை'யில் நடுவே ஓர் ஆறு. கரைக்கு ஒரு படை. ஒரே கணினியில் இருவர் மாறி மாறி ஆட வேண்டும். ஒருவர் நகர்த்தி முடித்து அந்தச் சிவப்புப் பட்டனை அழுத்தினால்தான் அடுத்தவர் ஆட முடியும். ஒருவர் ஆடும்போது மற்றவர் திரையைப் பார்க்காமல் திரும்பி உட்கார வேண்டும். என் சிக்கல் அங்கேதான். என்னோடு யாரும் ஆட வரமாட்டார்கள். நான் கத்துவேனாம். மாப்பிள்ளை ஒரே ஒரு தடவை ஆடிவிட்டு, அலுவலகத்தில் வேலை குவிந்து கிடக்கிறது என்று ஓடினார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

"எங்க மாமாவைக் கூப்பிடுங்க" என்றாள் மகள்.

அவளுடைய மாமனாரை. பல் டாக்டரை. என் சம்பந்தியை.

எனக்கும் அவருக்கும் கல்யாணத்தன்றே பேச்சு நின்றுபோயிற்று. காரணம் எங்கள் கூடத்துச் சுவரிலேயே மாட்டியிருக்கிறது. கல்யாணக் குழுப்படம். அதில் கறுப்புக் கோட்டு போட்ட ஒரு தோள், மலை மாதிரி நிற்கும். அந்த மலைக்குப் பின்னால் ஒரு கண்ணும் அரை மூக்கும் தெரியும். அதுதான் நான், பெண்ணைப் பெற்றவன். "போட்டோகிராபர்தான் முன்னாடி வரச் சொன்னார்" என்பது டாக்டர் தரப்பு. போட்டோகிராபர் வரச் சொன்னால் பெற்றவன் மூஞ்சிமேலா வருவது?

"அப்பா, நல்லா கேட்டுக்கோங்க" என்றாள் மகள். "ஆபீஸ்ல என்னை வேற நாட்டுக்குப் போகச் சொல்றாங்க. ரெண்டு வருஷம். அவருக்கும் அங்க வேலை தர்றாங்களாம். வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும். எனக்குப் போக இஷ்டமே இல்லை. ஆனா இங்க இருந்து என்ன சுகத்தைக் கண்டேன்? இங்க வந்தா அவங்களைப் பத்திப் பொருமல், அங்க போனா உங்களைப் பத்திப் பொருமல். என் பிறந்தநாளுக்கு ரெண்டு வீட்டுல ரெண்டு கேக் வெட்டறேன். ரெண்டு இடத்துலயும் சிரிச்சுச் சிரிச்சு எனக்குத் தாடையே வலிக்குது."

"தாடை வலிக்கு உங்க மாமாகிட்டயே காட்டலாமே."

அவள் என்னை முறைத்தாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் நீங்களும் மாமாவும் ஒரே மேஜைல உக்காந்து இதை ஆடுங்க. சண்டை போடாம. போடலைன்னா நாங்க இங்கயே இருக்கோம். போட்டீங்கன்னா கிளம்பறோம். மாமாகிட்டயும் இதையேதான் சொல்லியிருக்கேன்."

சண்டை போடாமல் போர் புரிய வேண்டும். என் பெண் என் ரத்தம்தான், சந்தேகமே வேண்டாம்.

டாக்டர் திங்கட்கிழமை மதியம் வந்து சேர்ந்தார். வாசனைத் தைலமும் வெள்ளைச் சட்டையுமாக, யாருக்கோ பல் பிடுங்கப் போகிறவர் மாதிரி. உலகத்திலேயே மரியாதையான யுத்தம் அன்று தொடங்கியது.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. உங்க வடக்குப் பாலத்தை உடைச்சுட்டேன்."

"அதனால என்ன சம்பந்தி. ரொம்ப நேர்த்தியா உடைச்சிருக்கீங்க."

"அடுத்தது உங்க தானியக் கிடங்கு. கொஞ்சம் சுருக்குனு இருக்கும். பொறுத்துக்கோங்க."

கிடங்கு திகுதிகுவென்று எரிந்தது. எனக்கு வயிறு எரிந்தது. கத்த முடியாதே என்று பல்லைக் கடித்தேன்.

"பல்லைக் கடிக்காதீங்க சம்பந்தி. எனாமல் தேஞ்சுபோயிடும்."

எதிரி பல் டாக்டராக இருந்தால் ஆத்திரத்துக்குப் பல்லைக் கடிக்கும் உரிமைகூட இல்லை என்று எந்தப் போர்க்கலை நூலிலும் நான் படித்ததில்லை.

செவ்வாயன்றுதான் அந்த அதிசயம் நடந்தது. டாக்டர் ஆடும்போது நான் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும் அல்லவா? சுவரில் அந்தப் படம். அதற்குக் கண்ணாடிச் சட்டம். மற்ற இடமெல்லாம் பட்டும் பூவுமாக வெளிறிக் கிடக்க, என் மூஞ்சியை மறைத்த அந்தக் கறுப்புத் தோள் மட்டும் குளத்துத் தண்ணீர் மாதிரி பளபளத்தது. அதற்குள் குட்டியாக, இடம் வலமாக, எனக்குப் பின்னால் இருக்கும் கணினித் திரை முழுசாகத் தெரிந்தது!

பார்க்கக் கூடாதுதான். நான் எங்கே பார்த்தேன்? என் பெண்ணின் கல்யாணப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தச் சட்டம் அதைத் தடுக்கிறது? பார்த்துப் பார்த்து அவருடைய படகுகளை ஒவ்வொன்றாக மூழ்கடித்தேன். "எப்படி சம்பந்தி உங்களுக்கு மூக்குல வேர்க்குது?" என்று டாக்டர் வியந்தார். "அரை மூக்குதானே, சீக்கிரம் வேர்த்துடும்" என்றேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்த்து அன்றிரவு எனக்கு இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

ஆனால் புதன்கிழமை அதே கண்ணாடியில் நான் கண்ட காட்சி இருக்கிறதே!

இந்த விளையாட்டில் எதிரியின் கரை பனிமூட்டத்தில் மறைந்திருக்கும். நம் ஆள் பக்கத்தில் போனால்தான் உள்ளே இருப்பது தெரியும். என்னுடைய பீரங்கிகள் அத்தனையையும் கிழக்குக் காட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். டாக்டர் ஒரு குதிரைவீரனைக் காட்டுக்குள் அனுப்பினார். பனி விலகிற்று. பீரங்கிகளைப் பார்த்தார். பிறகு ஆற அமர, 'திரும்பப் பெறு' என்ற பட்டனை அழுத்தினார். குதிரைவீரன் போகவே போகாதவன் மாதிரி கூடாரத்தில் வந்து நின்றான். பனி மூடிக்கொண்டது. டாக்டர் பார்த்ததை யார் திரும்பப் பெறுவது? அது அவர் மண்டைக்குள் பத்திரமாக இருந்தது. மேற்குக் காட்டுக்கு அனுப்பினார், பார்த்தார், திரும்பப் பெற்றார். என் கோட்டைக்கு அனுப்பினார், பார்த்தார், திரும்பப் பெற்றார். அந்தக் குதிரை என் நாடு முழுவதும் சுற்றுலா போய்விட்டு, ஒரு அடிகூட வைக்காத குதிரையாகக் கொட்டிலில் நின்று புல் தின்றது.

அயோக்கியத்தனம்! எடை போட்டுப் பார்த்துவிட்டு, கல்லை மாற்றிக்கொண்டு, "இன்னும் போடவே இல்லையே சார்" என்கிற கடைக்காரனை நான் எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்! அவர்கள் எல்லோருக்கும் தராசை மூடி முத்திரை வைத்தேன். இவருக்கு என்ன வைப்பது? சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார். கேட்டால் நான் மாட்டிக்கொள்வேன். சண்டை வரும். வந்தால் மகள் கிளம்பிவிடுவாள். கோபம் தொண்டை வரை வந்து, அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. வியாழக்கிழமை முழுவதும் என் காதிலிருந்து புகை வந்ததாக மனைவி சொன்னாள். அவள் எதையும் குறைத்துச் சொல்கிற ஆள்.

வெள்ளிக்கிழமை மதியம். மனைவி சமையலறையில் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மகளோடு பேசிக்கொண்டே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, பொண்ணு ஆபீசுக்கு 'நாங்க வரலை'ன்னு பதில் எழுதிட்டு இருக்காளாம்!" என்று குரல் கொடுத்தாள். "சாயங்காலம் எல்லாரும் இங்க சாப்பிடலாமான்னு கேக்கறா!"

"பேஷா!" என்றார் டாக்டர், கையை மௌஸிலிருந்து எடுக்காமல்.

கறுப்புத் தோளுக்குள் குதிரைவீரன் மறுபடி புறப்பட்டான். போனான். பார்த்தான். திரும்பப் பெறப்பட்டான். மறுபடி போனான். திரும்பப் பெறப்பட்டான். டீ ஆறிப் பாலாடை கட்டிவிட்டது. அந்தக் குதிரை ஐந்தாம் தடவையோ ஆறாம் தடவையோ என் கிழக்குக் காட்டுக்குள் மூக்கை நுழைத்தபோது, தொண்டையில் உட்கார்ந்திருந்தது நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு எழுந்தது.

"போதும்! முறை முடிஞ்சுது!" என்று கத்தினேன். "முறை முடிஞ்சுது சம்பந்தி! எவ்வளவு நாள்தான் பொறுத்துக்கறது? திரும்பப் பெறுறவன் திருடன்! முறை முடிஞ்சுது, முடிஞ்சுதுன்னு சொல்லுங்க!"

நான் சொன்னது அந்தச் சிவப்புப் பட்டனை. ஆனால் ஆட்டத்தில் ஒருவருடைய தடவைக்கும் தமிழில் முறை என்றுதான் பெயர். மாமன் முறைக்கும், சம்பந்தி முறைக்கும் அதே பெயர்தான். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. கைபேசியில் மகள், "அம்மா, அப்பா என்ன முடிஞ்சுதுங்கறார்?" என்றாள். பிறகு அதுவும் நின்றது.

டாக்டருக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. "நான் திரும்பப் பெற்றேன்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்று எழுந்தார். "நீங்க சுவரைத்தானே பாத்துட்டு இருந்தீங்க?"

"கல்யாணப் படம் சொல்லிச்சு!"

அவர் படத்தைப் பார்த்தார். கிட்டே போய், தன் தோளுக்குள் குனிந்து பார்த்தார். உள்ளே திரை மின்னியது.

"அடப்பாவி சம்பந்தி! நாலு நாளா எட்டிப் பாத்திருக்கீங்க!"

"எட்டியெல்லாம் பாக்கலை, நேராத்தான் பாத்தேன். அங்க என் மூஞ்சி இருந்திருந்தா அதைப் பாத்துட்டு சும்மா இருந்திருப்பேன். அதைத்தான் நீங்க மறைச்சுட்டீங்களே!"

"நாலு வருஷமா அதே பல்லவி! அந்த மூஞ்சியை மறைச்சதுக்கு எனக்கு மாலை போட்டிருக்கணும்!"

"உங்க தோளை மறைக்க மலையைத்தான் கொண்டுவரணும்!"

மரியாதை போயிற்று, ஆனால் 'ங்க' போகவில்லை. 'ங்க' போட்டே எவ்வளவு திட்ட முடியுமோ அவ்வளவும் திட்டிக்கொண்டோம். தெருவில் போன சைக்கிள்காரர் இறங்கி நின்று கேட்டார். எதிர்வீட்டு நாய் தோல்வியை ஒப்புக்கொண்டு உள்ளே போய்விட்டது. மூச்சு வாங்க நிறுத்தியபோது, வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் அலுவலக அட்டை அப்படியே தொங்கியது.

இரண்டு கிழவர்களும் ஒரே நொடியில் திரையை நோக்கிக் கை நீட்டினோம்.

"பட்டன்மா!" என்றேன் நான்.

"பட்டன்ல அப்படித்தான் எழுதியிருக்கும்மா!" என்றார் அவர்.

அவள் வந்து பார்த்தாள். சிவப்பாக, கொட்டை எழுத்தில், "முறை முடிந்தது."

"சரி, பட்டன். அப்போ சண்டை போடலை?"

டாக்டர் கூரையைப் பார்த்தார். நான் எழுந்த வேகத்தில் கவிழ்ந்துகிடந்த நாற்காலியை நிமிர்த்தினேன்.

"தெரு முனையில ஆட்டோவை விட்டு இறங்கும்போதே கேட்டுது மாமா. மலையைக் கொண்டுவரச் சொன்னார் அப்பா." அவள் குரல் உயரவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "'வரலை'ன்னு எழுதி முடிச்சுட்டேன். அனுப்பறதுக்குக் கையை வெச்சேன். போன்ல உங்க குரல். அழிச்சேன். 'வர்றோம்'னு எழுதி அனுப்பிட்டேன்."

சமையலறை வாசலில் மனைவி ஈரக்கையோடு நின்றாள். டாக்டர் மெல்ல உட்கார்ந்தார். என் வாய், என்னைக் கேட்காமலே, திறந்துகொண்டது.

"அந்த மெயிலைத் திரும்பப் பெற முடியாதாம்மா?"

கேட்ட மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"திரும்பப் பெறுறவன் யாருப்பா?" என்றாள் மகள். "இப்பதானே கத்தினீங்க?" கழுத்து அட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் அது அழுகை இல்லை, சுத்தமான கோபம். எனக்குத் தெரியும், நான் கொடுத்த சாமான். "என் முறை முடிஞ்சுது. இனி நீங்க ரெண்டு பேரும் என்ன பண்ணணுமோ பண்ணிக்கோங்க."

மகளும் மாப்பிள்ளையும் அடுத்த மாதமே கிளம்பிவிட்டார்கள்.

விமர்சனத்தை எழுதினேன். விசைப்பலகையில் இரண்டு எழுத்து கழன்று வந்தது. பனிக்குள் பார்த்ததைத் திரும்பப் பெற விடும் விளையாட்டு, பொய்த்தராசு. பத்துக்கு மூன்று மதிப்பெண். அந்த மூன்றும் தண்ணீரை நன்றாக வரைந்திருப்பதற்காக. பட்டனைப் பற்றி மட்டும் நான்கு பத்தி. உருவாக்கிய நிறுவனம் பணிவாகப் பதில் போட்டது: சுட்டிக்காட்டியதற்கு நன்றி, அடுத்த பதிப்பில் அந்தச் சொல்லை மாற்றிவிடுவோம். மாற்றுவார்களாம்! என் பெண் கடல் தாண்டிய பிறகு!

பிள்ளைகள் கிளம்பிய மறுநாள் மதியமே டாக்டர் வந்தார். கூப்பிடவில்லை, வந்தார். வெள்ளைச் சட்டை, வாசனைத் தைலம். திரையில் அதே ஆட்டம், அவருடைய முறையிலேயே நின்றிருந்தது. உட்கார்ந்தார். நான் சுவர்ப்பக்கம் திரும்பினேன். கறுப்புத் தோளுக்குள் அவர் கை மௌஸைத் தொடாமல் மடியிலேயே கிடந்தது.

அன்றிலிருந்து தினமும் வருகிறார். நிறுவனத்தைத் திட்டுகிறோம், மொழிபெயர்த்தவரைத் திட்டுகிறோம், ரெண்டு வருஷத்துக்குப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போன அலுவலகத்தைத் திட்டுகிறோம். மகள் திரையில் வந்தால் ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து அவளையும் திட்டுகிறோம். ஆனால் ஆட்டம் மட்டும் நகரவே மாட்டேன் என்கிறது. காட்டுக்குள் என் பீரங்கிகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. ஒரே ஒரு முறை கிடைத்தால் போதும், அவர் கரையைத் தூள் தூளாக்கிவிடுவேன்.

"பட்டனை அழுத்துங்க சம்பந்தி" என்கிறேன்.

"மாட்டேன் சம்பந்தி" என்கிறார்.

"விளையாட்டுதானே! சும்மா ஒரு தடவை!"

"அந்த வார்த்தை மேல கை வைக்க மாட்டேன். மாத்தி எழுதட்டும், அப்புறம் பாக்கலாம்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"கல்யாணப் படத்தைப் பாருங்க" என்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பல்லைக் கடிக்கிறேன். எனாமல் தேயும் என்று பின்னாலிருந்து குரல் வருகிறது.