மாற்றிய சீட்டு

2005 ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, ஒஸ்லோவின் அம்மருட் குடியிருப்பில் டுக்னாட். குடியிருப்பவர்கள் எல்லோரும் இறங்கி முற்றத்தைத் தாங்களே துப்பரவாக்கும் நாள். சம்பளம் இல்லை. கோப்பியும் வாபிளும் உண்டு.

மகேசன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு குசினியை எட்டிப் பார்த்தார். மகள் ஹம்சத்வனி புத்தகத்தோடு இருந்தாள். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். தத்துவம் எல்லோருக்கும் கட்டாயம்.

"என்ன படிக்கிறாய்?"

"கிரேக்கம். நல்ல நகரம் எப்பிடி இருக்கோணும் எண்டு ஒரு தத்துவஞானி எழுதினது. ஆளுறவன் ஆளோணும், காவல் காக்கிறவன் காக்கோணும், செருப்புத் தைக்கிறவன் தைக்கோணும். ஒருத்தன்ரை வேலையிலை மற்றவன் கை வைக்கக் கூடாது. அதுதானாம் நீதி."

"சரியாத்தானே சொல்லியிருக்கிறார்."

"ஆருக்கு என்ன வேலை எண்டு ஆர் சொல்லுறது?"

"அது பிறக்கேக்கையே தெரியுமே."

"இல்லையப்பா. தைக்கிறவன்ரை பிள்ளை கெட்டிக்காரன் எண்டால் மேலை எடுக்கச் சொல்லியிருக்கிறார்."

"அது புத்தகத்திலை."

"அந்தக் காலத்திலை அங்கை பதவிக்கும் சீட்டுப் போட்டுத்தான் ஆள் எடுத்தவை. அவருக்கு அது பிடிக்காது."

"பின்னை? சீட்டு விழுந்தவன் பிளேன் ஓட்டலாமோ?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்தபடியே கீழே இறங்கினார்கள்.

போன வருடம் எல்லோரும் பூப்பாத்திக்கே போய்விட்டார்கள். அதனால் இம்முறை நிர்வாகத் தலைவி ஆஸ்ட்ரி ஒவ்வொரு வேலையையும் எழுதி ஒரு வாளிக்குள் சீட்டுகளாகப் போட்டுக் கொண்டுவந்தாள். மகேசன் எடுத்த சீட்டில் குப்பையறைக் கான் என்று இருந்தது. மாரி முழுக்கக் கழிவுநீர் இறங்காமல் அடைத்துக் கிடந்த கான். அதன் மணம் லிப்ட் வரை வரும்.

மகேசன் முற்றத்தைக் கடந்து மகேந்திரராசாவிடம் போனார்.

"உமக்கென்ன விழுந்தது?"

"பூப்பாத்தி, அண்ணை."

"மாத்துவமோ? எனக்கு நாரி நோகுது." இடுப்பைப் பிடித்துக் காட்டினார்.

மகேந்திரராசா சீட்டைப் பார்த்தார். பிறகு, "ஓம்" என்றார். அடுத்த மாடித் தங்கேஸ்வரி வேறு பக்கம் திரும்பினாள். அவள் வாயில் சின்னச் சிரிப்பு இருந்தது.

மகேசனுக்கும் மகேந்திரராசாவுக்கும் ஒரே ஊர், ஒரே வயது. மகேந்திரராசா வங்கியொன்றில் கணினி வேலை செய்கிறார். ஊரில் மகேசன் வீட்டுக் கிணற்றில் மகேந்திரராசாவின் ஆட்களை அள்ள விடுவதில்லை. ஒஸ்லோவில் இதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

மகேசன் பூப்பாத்தியைக் கொத்தத் தொடங்கினார். ஹம்சத்வனி பெயின்ற் வாளியோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"நாரி நோகேல்லையோ?"

"கொஞ்சம்."

"கொத்துறதுக்கும் குனியத்தானே வேணும்."

அவர் நிமிரவில்லை.

"உங்களுக்குப் பக்கத்திலை அயல்வீட்டு ஹான்ஸ் நிண்டவர். அவரைக் கேக்கேல்லை. தங்கேஸ்வரி அன்ரியைக் கேக்கேல்லை. எல்லாரையும் தாண்டி நேரை அந்த மாமாவிட்டைப் போனனீங்கள்."

"அவன் ஒண்டும் நினைக்கமாட்டான்."

"அவனோ?"

மகேசன் மண்வெட்டியை ஊன்றினார். என்ன நினைத்துக்கொண்டு போனேன் என்று யோசித்தார். ஒன்றும் நினைக்கவில்லை. நினைத்துப் போயிருந்தால் ஒரு காரணமாவது சொல்லியிருக்கலாம். கால் தானாகப் போனது.

"அம்மா ஒருக்காச் சொன்னவ," என்றாள் ஹம்சத்வனி. "கிணத்தைப் பற்றி. நீங்கள் அப்பிடி இல்லை எண்டு நான் அம்மாவோடை சண்டை பிடிச்சனான்."

அவர் காது சுட்டது.

"போய்ச் சீட்டைத் திருப்பி வாங்குங்கோ."

"எல்லாரும் பாக்கினம், பிள்ளை."

"குடுக்கேக்கையும் பாத்தவைதானே."

அவள் பெயின்ற் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

குப்பையறை கட்டடத்தின் பின்பக்கம். மகேசனுக்கு நடந்து முடிக்க நேரம் எடுத்தது. மகேந்திரராசா முழங்காலில் இருந்தார். ஒரு கை தோள் வரை கானுக்குள். பக்கத்து வாளியில் கறுத்த சேறு.

"விடுங்கோ. நான் செய்யிறன்," என்றார் மகேசன். இத்தனை வருடத்தில் அவரிடம் 'விடுங்கோ' என்று மரியாதையாகச் சொன்னது இதுதான் முதல்தடவை. தனக்கே அது கேட்டது.

"முடிஞ்சுது, அண்ணை."

மகேந்திரராசா கையை இழுத்தார். தண்ணீர் சுழன்று இறங்கியது. கையுறையைக் கழற்றிக் கையைக் குழாயில் கழுவினார். விரல் விரலாகக் கழுவினார்.

"என்ரை நாரி..." என்று மகேசன் தொடங்கினார்.

"நாரிக்கு ஒண்டுமில்லை எண்டு தெரியும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மேலே பார்த்தார். இரண்டாம் மாடி பல்கனியில் அவருடைய மகள் ஜெனிதா கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பத்து வயதிருக்கும். கையைக் காட்டினாள். அவரும் ஈரக் கையைக் காட்டினார்.

"சீட்டு மாத்தேக்கை முத்தத்திலை நிண்டு பாத்தவள். இஞ்சை பிறந்தவள், அவளுக்கு இதொண்டும் தெரியாது. நானும் சொல்லேல்லை. வீட்டை போனோடனை ஏன் மாத்தினனீங்கள் எண்டு கேப்பாள். நான் என்ன சொல்லட்டும், அண்ணை?"