வேப்பமரம் நின்ற கப்பல்

கடலென்றால் பார்வதத்துக்கு ஆகவே ஆகாது. பிறந்ததென்னவோ காசிமேட்டில்தான். ஆனால் அவள் அப்பா ஒருநாள் வலையோடு போனவர், போனவர்தான். பெண் பார்க்க வந்த பால்ராஜிடம் அவள் கேட்டது ஒரே கேள்வி: "உங்க ஊட்லேர்ந்து கடல் எம்மாந் தூரம்?" ஆவடி டேங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் என்றதும் தலையாட்டிவிட்டாள். சம்பளத்தைக்கூட விசாரிக்கவில்லை, புண்ணியவதி.

அப்படிப்பட்டவள் வயிற்றில் பிறந்துவிட்டு இந்த கௌதம் கப்பற்படைக்குத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். வீட்டில் என்ன ரகளை! பார்வதம் அடுப்பே பற்றவைக்காமல் சுருண்டு படுத்துவிட்டாள். "கடல்ல கால் வெக்க மாட்டேம்மா, தரையிலதான் டூட்டி" என்று அவள் தலையிலடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் பெட்டி கட்ட விட்டாள்.

பயிற்சி முடிந்து விசாகப்பட்டினத்திலிருந்து போன் வந்தது. "கப்பல்ல போஸ்டிங் போட்டுட்டாங்கம்மா."

"அய்யோ!" என்று அலறிவிட்டாள். அந்தப் பக்கம் அவன் சிரித்தான். "அய்யே, பேருதாம்மா கப்பலு. அது கட்டடம்."

நேவியில் தரையில் நிற்கிற முகாமுக்கும் கப்பல் என்றே பேர் வைப்பார்களாம். எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கூத்து. அப்போது ஏதாவது ஒரு கப்பலில் பேர் பதிந்திருந்தால்தான் மாலுமிமேல் கப்பற்படைச் சட்டம் செல்லும். அதனால் கட்டடத்தையே கப்பலாக்கிவிட்டார்கள். நாடு சுதந்திரம் வாங்கி, இரவல் கப்பல்களில் தொடங்கி, சொந்தமாகப் போர்க்கப்பல் கட்டுகிற அளவுக்கு வளர்ந்தும் இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. தரையை டெக் என்பார்களாம். கேட்டைத் தாண்டி டீ குடிக்கப் போனால்கூட 'கரைக்குப் போறேன்' என்றுதான் சொல்ல வேண்டுமாம். வாட்ஸப்பில் படமும் அனுப்பினான்: மூன்று மாடிக் கட்டடம், பெயின்ட் அடித்த நங்கூரம், பக்கத்தில் ஒரு வேப்பமரம்.

பார்வதத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எம் புள்ள கப்பல்ல வேப்பமரம் கீதுடி! அது எங்க மெதக்கப் போவுது?" என்று பக்கத்து வீட்டு ஷர்மிளாவிடம் காட்டிக் காட்டி மாய்ந்துபோனாள்.

பிறகு, சில சமயம் வாரக்கணக்கில் போனே வராது. "கிளாஸும்மா, போனை வாங்கி வெச்சிப்பாங்க" என்பான். திடீரென்று ஒருநாள் கூப்பிட்டு, "அம்மா, கரைக்கு வந்துட்டேன்!" என்று கத்துவான்.

"இன்னாடா, டீ குட்ச்சியா?"

"குட்ச்சேம்மா."

அன்று காலை பால்ராஜ் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலில் வெள்ளைச் சீருடையில் இரண்டு பேர். ஸ்ரீநாத் என்று பேர் சொன்ன அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கௌதமோட அம்மாங்களா? போன வாரப் புயல்ல எங்க கப்பல் மாட்டிக்கிச்சும்மா. கயிறு அறுந்த படகை இழுத்துக் கட்ட மேல்தளத்துக்குப் போனாரு. அலை அடிச்சுட்டுப் போயிடுச்சு. எவ்வளவோ தேடினோம்..."

பார்வதம் பதறவே இல்லை. எந்த மகராசி பெற்ற பிள்ளையோ என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

"சார், ஊடு மாறி வந்துட்டீங்க. உள்ள வந்து தண்ணி குடிங்க. எம் புள்ள கீறது கட்டடத்துல. பேருதான் சார் கப்பலு, உங்களுக்குத் தெரியாததா?" போனைத் தேடியெடுத்து வேப்பமரத்தைக் காட்டினாள்.

ஸ்ரீநாத் அந்தப் படத்தைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. "இது பழைய போஸ்டிங்மா. ரெண்டு வருஷமா நிஜக் கப்பல்லதான் இருந்தாரு. அவரே கேட்டு வாங்கிக்கிட்டாரு."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மனுஷன் வாயைத் திறந்து, 'எங்க பையன் இல்ல சார்' என்று ஒரு சண்டை போடக் கூடாதா? பால்ராஜோ டிபன் பாக்ஸை நெஞ்சோடு பிடித்தபடி சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்தார்.

"உனக்குத் தெரியுமாய்யா?"

"அவனுக்குக் கடல்னா உசுரு, பார்வதம். அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்காதுப்பான்னான். நானும் சரின்னுட்டேன்."

சத்தம் கேட்டு வந்த ஷர்மிளா, பார்வதம் அவரை அடித்துவிடப் போகிறாள் என்று பயந்து அவள் கையைப் பிடித்தாள். பார்வதம் அடிக்கவில்லை. கையை உதறிவிட்டு அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"புயல் வருதுன்னு டிவில சொன்னப்ப நான் திருவேற்காட்டுக்கு ஓடுனேன்யா. ஆத்தா முன்னாடி நின்னுகினு, கடலுக்குப் போன எங்க காசிமேட்டுப் பசங்க அத்தினி பேரையும் பேர் பேரா சொல்லி, கரை சேத்துடும்மான்னு அழுதேன். எல்லாரும் வந்துட்டாங்கய்யா. நம்ம புள்ள பேரை மட்டும் நான் சொல்லலையே."